ஒற்றை இலை: கம்பம் பள்ளத்தாக்கில் தனிப் பயணியின் ஒரு நாள்

தமிழில் பயணத்தைப் பாடிய மிகப் பழைய இலக்கிய வகை ஆற்றுப்படை. வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞரை நிறுத்தி, தாம் போன வழி எது, இடையில் என்னென்ன ஊர்கள் வரும், எந்த ஊரில் யார் என்ன உணவு தருவர் என்று விரித்துச் சொல்லி அனுப்பிவைப்பது அதன் அமைப்பு. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை ஊரில் சுட்ட மீனும், வயல் சூழ்ந்த ஊரில் நண்டுக் கறியோடு வெண்சோறும் கிடைக்கும் என்று நிலத்துக்கு நிலம் உணவு மாறிவருவதைப் பார்க்கும்போது, ஒரு நாட்டைக் காண்பதையும் அந்நாட்டில் உண்பதையும் அப்புலவர் பிரித்து நினைக்கவில்லை என்பது விளங்கும். ஆயினும் அப்பாட்டுகளில் வழி கேட்டு நிற்கும் பாணர் தனி ஆள் அல்லர். பசித்த சுற்றம் முழுவதும் அவரோடு நடந்து வருகிறது. தனியே போய், தனியே பார்த்து, தனியே உண்டு திரும்புகிறவருக்கென்று பழந்தமிழில் ஓர் ஆற்றுப்படை எழுதப்படவில்லை.

அந்த மரபு இன்றும் முற்றாக மாறிவிடவில்லை. கோயிலுக்கோ அருவிக்கோ ஒருவர் தனியாக வந்தால், "வீட்டுல யாரும் வரலையா?" என்ற கேள்வி முதலில் எழும்; அதில் அக்கறை பாதி, ஐயம் பாதி. வட ஐரோப்பிய நகரங்களில் நிலைமை வேறு. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், 1843இல் திறக்கப்பட்ட டிவோலிப் பூங்காவையும், 1913இல் துறைமுகக் கரையில் வைக்கப்பட்ட சிறு கடற்கன்னிச் சிலையையும் கால்நடையாகவே பார்த்துவிட்டு, 'ரை' என்னும் குளிர்நாட்டுத் தானிய ரொட்டியில் வெண்ணெய் தடவி மீனோ முட்டையோ அடுக்கித் தரும் பண்டத்தை ஒருவர் தனி மேசையில் உண்டு எழுந்தால், அவரை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தனிப் பயணியின் ஒரு நாள் அங்கே நகரத்தின் வழக்கமான காட்சிகளில் ஒன்று. தேனி மாவட்டத்தில் அப்படி ஒரு நாள் எவ்வாறு அமையும், அதில் எதைப் பார்க்கலாம், எதை உண்ணலாம், எந்த இடத்தில் வழி அடைபடும் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. கம்பம் பள்ளத்தாக்கு என்பது தேனியில் அகன்று தொடங்கித் தென்மேற்காகக் குறுகிக்கொண்டே போய்க் குமுளி மலையடிவாரத்தில் முடியும் நீண்ட சமவெளி. அதன் மேற்கே கேரள எல்லையாக நிற்கும் ஏலமலைகளும், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் இருபுறச் சுவர்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று முக்கிய ஊர்கள் யாவும் ஒரே சாலையில் மணி கோத்தாற்போல் வருகின்றன. அந்தச் சாலையை ஒட்டியே, ஆனால் எதிர்த்திசையில், முல்லைப் பெரியாற்று நீர் இறங்கி வருகிறது. ஆகவே தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்தில் போகிறவர், அறிந்தோ அறியாமலோ, ஓர் ஆற்றை அதன் தலைவாய் வரை எதிர்த்துப் போகிறார். இந்தப் பள்ளத்தாக்கை ஒரே நாளில் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. தேக்கடிக்கும் சபரிமலைக்கும் விரையும் வேன்கள் இதே சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுகின்றன.

மதுரையிலிருந்து வருவோருக்கு இப்போது ரயில் உண்டு. 1928இல் தொடங்கிய மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் மாதமும் மீண்டும் திறக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாவட்டத் தலைநகரம் ரயிலில்லாமல் காத்திருந்தது என்பதை இவ்விடத்தில் பதிந்து வைப்பது தகும். ரயிலடியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு வந்தால், அதன் முகப்பில் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயர் இருக்கும். இந்த நாளின் கதைத்தலைவர் பெயர் காலையிலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது; அவர் செய்த வேலையைக் காண மாலை வரை பொறுக்க வேண்டும்.

காலை உணவைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. இட்லியும் பொங்கலும் தமிழகம் முழுவதற்கும் பொது. ஆனால் மதுரை வட்டாரத்துக்கே உரிய பருத்திப்பால் கிடைத்தால் தவறவிடலாகாது. பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலை, அரிசி மாவு கரைத்துக் கொதிக்கவைத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவித் தள்ளுவண்டியில் தருவர். குடிக்கும் பானமாகவும் கரண்டியால் உண்ணும் கூழாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் அது, பேருந்தில் இரண்டு மணி நேரம் போகிறவருக்குப் போதிய பசியாற்றி.

தேனியை விட்டுப் புறப்பட்டால் சிறிது தொலைவிலேயே வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவின்போது இரவும் பகலும் தீச்சட்டி ஏந்தி வரும் கூட்டத்தில் தனிப் பயணி என்று ஒருவர் இருக்கவே முடியாது, எல்லாரும் ஒரே சுற்றமாகிவிடுவர். மற்ற நாட்களில் படித்துறை அமைதியாக இருக்கும். அங்கே ஓடும் நீரைக் காலால் தொட்டுப் பார்ப்பது நல்லது. பின்னால் வரப்போகும் செய்திக்கு அது முன்னுரை.

சின்னமனூரைக் கல்வெட்டு அறிஞர் அனைவரும் அறிவர். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியர் மதுரையில் சங்கம் நிறுவியதையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் குலப் பெருமைகளாகப் பேசுகிறது. செப்பேடு என்பது அரசன் அளித்த நிலக்கொடையைச் செம்புத் தகடுகளில் பொறித்து வளையத்தில் கோத்துத் தரும் ஆவணம். இலக்கிய வரலாற்றில் சங்கம் பற்றி எழும் விவாதங்களில் இந்த ஆவணத்தைத் தொடாமல் போனவர் அரிது. ஆனால் இன்று சின்னமனூரில் இறங்குகிறவரை வரவேற்பது செப்பேடு அல்ல, வாழைத்தார். கண்ணுக்கு எட்டிய வரை வாழைத் தோட்டங்களும், தார் ஏற்றும் லாரிகளும், எடை போட்டுச் சீட்டு எழுதும் மண்டிகளும். செவ்வாழைப் பழம் ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம்.

உத்தமபாளையத்தில் ஒரு மணி நேரம் இறங்கி நிற்பது கட்டாயம். ஊரை ஒட்டிய கருப்பணசாமி பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. புடைப்புச் சிற்பம் என்பது பின்புறம் பாறையோடு ஒட்டியிருக்க, முன்புறம் மட்டும் மேலெழும்பி நிற்கும் உருவம். சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில், அதாவது பாண்டிய நாட்டில் தமிழ் எழுதப் பயன்பட்ட வளைந்த கோடுகளாலான பழைய எழுத்து முறையில், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி. ஆனைமலை, ஐவர்மலை, அழகர்மலை என்று பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் சிற்பம் செய்வித்த துறவியின் பெயர் அது. பொருள் எதுவும் உடைமையாகக் கொள்ளாமல் ஊர் ஊராக நடந்த சமண முனிவரை இந்தச் சாலையின் மூத்த தனிப் பயணி என்று கொண்டால் பிழையில்லை. பாறையின் காவல் தெய்வமாக இப்போது கருப்பணசாமி இருக்கிறார்; தீர்த்தங்கரர்களும் அவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொண்டதாகத் தெரியவில்லை. நீதிக்கட்சித் தலைவரும், 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவருமான பி. டி. ராஜன் இவ்வூர்க்காரர், அவர் பெயரில் இப்பகுதியில் ஒரு கால்வாய் ஓடுகிறது.

நடுப்பகலில் கம்பம். கம்பராயப் பெருமாளும் காசி விசுவநாதரும் ஒரே வளாகத்தில் இருக்கும் கோயிலிலிருந்துதான் ஊர்ப்பெயர் வந்தது என்று இங்குள்ளோர் சொல்வர். அந்த நேரத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் பயணியின் கவனம் இயல்பாகவே சாப்பாட்டுக் கடைப் பக்கம் திரும்பும். பிரியாணிக்கும் இங்கே குறைவில்லை. தலைமுறைகளாக வாழும் இராவுத்தர் குடும்பங்களின் சமையல் மரபு இவ்வூருக்கு உண்டு. எனினும் முதல்முறை வருகிறவர் இலைச் சாப்பாட்டையே தேர்வது நல்லது. தனிப் பயணியின் நிலை என்ன என்பதை அது நன்றாகக் காட்டும்.

பகல் ஒரு மணிக்கு மெஸ்ஸில் தனி மேசை என்பது கிடையாது. வாசலில் நிற்பவரைப் பார்த்துப் பரிமாறுகிறவர் ஒரு விரலை உயர்த்துவார், தலையாட்டினால், "ஒத்த ஆளா? இங்கிட்டு உக்காருங்கண்ணே" என்று ஏற்கெனவே மூவர் அமர்ந்த மேசையின் நான்காவது இடத்தைக் காட்டிவிடுவார். குடும்பத்தோடு வந்தவர்கள் காத்திருக்க, தனி ஆளுக்கு உடனே இடம் கிடைத்துவிடுகிறது. நுனி இடப்பக்கம் இருக்கும்படி இலை விழும், தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம், பிறகு சோறு. அசைவம் வேண்டுமா என்று கேட்டு, சுக்கா வறுவலைச் சிறு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டுவர். குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சுற்றுக்குள் எதிரே இருப்பவர் எந்த ஊர், என்ன வேலை, ஏலக்காய் விலை இப்போது என்ன என்பதெல்லாம் பயணிக்குத் தெரிந்துவிடும். பயணியின் ஊரும் அவருக்குத் தெரிந்துவிடும். கோபன்ஹேகனில் தனிமை மதிக்கப்படுகிறது. கம்பத்து மேசையில் அது ஒரு சாப்பாட்டு நேரம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. இரண்டில் எது மேல் என்று கேட்டால், பசித்த வேளையில் இரண்டாவதே என்பது இவ்வுரையின் கருத்து. முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழ வேண்டும்.

அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அரிசி ஆலை மூட்டையைத்தான் காட்டுவர். எந்த வயல் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பேருந்துச் சன்னலில் இரு பக்கமும் வந்த நெல்வயல்களுக்குக் கணக்கு உண்டு. முல்லைப் பெரியாற்று நீரால் ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு நிலம் 14,707 ஏக்கர். நீர்மட்டம் இடம்கொடுக்கும் ஆண்டுகளில் முதல் போகத்துக்கு ஜூன் மாத முதல் நாளிலேயே தண்ணீர் திறக்கப்படுகிறது. போகம் என்பது ஒருமுறை விதைத்து அறுக்கும் பருவம். மழை மறைவுப் பகுதியான இந்தப் பள்ளத்தாக்கில் அது இரண்டானது முல்லைப் பெரியாற்று அணைக்குப் பின்னர்தான்.

சாப்பாட்டுக்குப் பின் பழம் வேண்டுமென்றால் கம்பத்தைச் சுற்றிய ஊர்களே பழக்கடை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கம் கல்தூண்களின் மேல் கம்பி வலை பின்னி, அதில் கொடியைப் படரவிட்ட திராட்சைப் பந்தல்கள் பரந்து கிடக்கின்றன. பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் வெயில் சட்டென்று பச்சையாகிவிடும். தலைக்குமேல் கொத்துக் கொத்தாகக் கருநீலக் காய்கள், ஒவ்வொன்றின் மீதும் விரல் பட்டால் அழியும் சாம்பல் பூச்சு. இங்கு விளைவது பன்னீர்த் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். தோல் சற்றுத் தடிப்பு, உள்ளே விதை, கடித்ததும் பன்னீர் மணம். விதையில்லாப் பழத்துக்குப் பழகிய நகரவாசி முதலில் முகம் சுளிப்பார், இரண்டாவது கொத்தில் சமாதானமாகிவிடுவார்.

இந்தத் திராட்சையின் தனிச்சிறப்பு காலத்தில் இருக்கிறது. வட இந்தியாவிலும் மராட்டியத்திலும் திராட்சை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை காய்ப்பது; இங்கே கடுங்குளிர் இல்லாததால் கொடியை ஒடித்துவிட்ட நான்கு மாதத்துக்குள் அறுவடை கிடைக்கிறது. ஒடிப்பு என்பது கிளைகளைக் கவாத்து செய்து புதுத்தளிர் விடச்செய்தல். ஒரு தோட்டம் ஒடிக்கும்போது பக்கத்துத் தோட்டம் பழம் பறித்துக்கொண்டிருக்கும். ஆகவே எந்த மாதத்தில் வரும் பயணிக்கும் பழம் உண்டு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குறிப்பிட்ட நிலப்பகுதியில் விளைவதாலேயே ஒரு பொருளுக்குத் தனித்தன்மை வந்திருக்கிறது என்பதைச் சட்டப்படி ஒப்புக்கொள்ளும் பதிவு அது. பழுக்கும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால் காய் வெடித்து, வியாபாரி கேட்கும் விலைக்கே தள்ளிவிட நேர்கிறது; அந்தத் துன்பத்துக்குக் குறியீடு மருந்தாகாது.

பிற்பகலில் பயணி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: சுருளி அருவியா, லோயர்கேம்ப்பா? மேகமலைக் காட்டிலிருந்து இரு படிகளாக இறங்கும் சுருளி, குளிப்பவருக்கு இன்பம், பிதிர்க்கடன் செய்வோருக்குத் தீர்த்தம். யானை நடமாட்டமோ வெள்ளமோ இருந்தால் வனத்துறை வழியை அடைத்துவிடும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அல்லவா? இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும். குளியலை மறுநாளுக்குத் தள்ளி, காலையில் தொட்ட நீரின் வரலாற்றைத் தேடிப் போவதே முறை.

வழியில் கூடலூர். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்டது. ஆகோள் என்பது பகைவரின் ஆநிரையைக் கவரும் பூசல். அந்தக் கூடலூர் இந்தக் கூடலூரே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர் பேருந்தின் பலகையில் அப்படியே எழுதியிருக்கிறது.

லோயர்கேம்ப்பில், முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று, அவருடைய பிறந்தநாளில், திறக்கப்பட்டது. மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வறண்ட வைகைப் படுகைக்குத் திருப்புவது என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. 1808இல் ஆய்ந்த கால்டுவெல் என்ற அதிகாரி அது ஆகாத வேலை என்று எழுதிவிட்டார். 1876–78 பெரும் பஞ்சம் அந்தத் தீர்ப்பை மாற்ற வைத்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887இல் வேலைத் தொடக்கம். சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் பொடியும், சேர்த்த சாந்தால் கட்டிய அணை. ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம். 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் தண்ணீரைத் திறந்துவிட்டார். சொந்தச் சொத்தை விற்றுப் பென்னிகுயிக் அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கு முழுவதும் சொல்லப்படும் கதைக்கு ஆவணச் சான்று கேட்போர் உண்டு. கதை மெய்யோ அன்றோ, காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டில் இறந்த கூலித் தொழிலாளருக்கு மண்டபத்தில் அவருக்குக் கிடைத்த அளவு இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும் மெய். பாலார்பட்டி போன்ற ஊர்களில் தைப் பொங்கலோடு அவர் படத்துக்கும் பொங்கல் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு அவர் பெயரையே இட்டவர்களும் உண்டு.

அணையைச் சுற்றுலாப் பயணி நெருங்க முடியாது. ஆனால் குமுளி மலைச்சாலையில் ஏறும் பேருந்தின் சன்னலே போதும். மேலேயுள்ள சிற்றணையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்கி லோயர்கேம்ப் மின்நிலையத்துக்குப் போவதும், அதற்கு மிஞ்சிய நீர் பாறைகளில் விழுந்து பேரோசையோடு ஓடுவதும் தெரியும். அந்த ஓசையைக் கேட்டு மக்கள் வைத்த பெயர் இரைச்சல் பாலம். வீரபாண்டிப் படித்துறையில் சாதுவாக நழுவிய நீர் இதுதான். இதே வளைவுகளில் எதிரே ஜீப்புகள் இறங்கி வரும்; விடியுமுன் ஏறிப் போய், ஏலத் தோட்டங்களில் காய் பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் அவற்றில் நெருக்கி அமர்ந்திருப்பர். குமுளியில் ஏலக்காய் தட்டிப் போட்ட ஒரு தேநீரைக் குடிக்கிறவர், அந்த ஜீப்பில் வந்த கைகளைக் கடந்துதான் மேலே வந்திருக்கிறார். ஒரே தெருவில் மாநிலம் மாறி, தேங்காய் எண்ணெயில் நேந்திரஞ்சிப்ஸ் பொரியும் மணம் எழுந்தால், பள்ளத்தாக்கு முடிந்துவிட்டது என்று பொருள், திரும்பலாம்.

இரவு உணவு மறுபடியும் கம்பத்தில். புரோட்டாக் கல்லின் ஓசை கடைக்கு முன்பே வரவேற்கும். எண்ணெயில் ஊறிய மாவை வீசி, கண்ணாடிபோல் விரித்து, சுருட்டி, தட்டி, கல்லில் வெந்ததும் நாலைந்தாக அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்க, அடுக்குகள் பிரியும், மேலே சால்னா. இங்கேயும் தனி ஆளுக்கு இடம் உடனே கிடைக்கும்.

இடம் கிடைக்காத ஒரே இடம் தங்கும் விடுதி. தமிழகத்தின் பல ஊர்களைப் போலவே இங்கும் சில விடுதிகளில், "தனி ஆளுக்கு ரூம் இல்லங்க" என்று சொல்லிவிடுவர்; அறைக்குள் தனியே ஏதேனும் நேர்ந்து, காவல் நிலையத்துக்கு அலைய நேருமோ என்ற அச்சமே காரணம். தனியே வந்தவர் பெண்ணாக இருந்தால் கேள்விகள் இரட்டிக்கும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், ஊர் ஊராகத் தனியே போகும் பெண்கள் பெருகியிருக்க, பொழுது சாய்ந்தபின் அவர்களுக்கு ஒரு கதவு திறக்காதிருப்பது முறையன்று. அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, ஒருவருக்கும் ஓர் அறை தரும்படி இப்பள்ளத்தாக்கில் விடுதி நடத்துவோரை இவ்வுரை கேட்டுக்கொள்கிறது. அதுவரை, தனியே வருவோர் கம்பத்தில் புரோட்டாவை முடித்துக்கொண்டு தேனிப் பேருந்தைப் பிடித்து, அங்கிருந்து மதுரைக்கு மாறிக்கொள்ளலாம். இரவிலும் பேருந்து உண்டு.